பிஎஸ்சி மேத்ஸ் முடித்துவிட்டு என்ன செய்யலாம்? சென்னை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிஎஸ்சி மேத்ஸ் படிக்கிறேன் என்று சொன்னால் கல்யாண வீட்டில் உறவினர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “டீச்சரா, பேங்க்கா?” இரண்டும் நல்ல வேலைகள்தான். ஆனால் சேப்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை இந்தப் பட்டத்துக்கு இருக்கிற வழிகளில் அவை இரண்டு மட்டுமே.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.காம் படித்தவரைக் கணக்குப் பிரிவுக்கும், நர்சிங் படித்தவரை மருத்துவமனைக்கும் நேராகக் கூப்பிடுவார்கள். மேத்ஸ் படித்தவரை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. பட்டத்தோடு இன்னொன்று சேர வேண்டும். அது ஒரு நுழைவுத் தேர்வாக இருக்கலாம், பி.எட்டாக இருக்கலாம், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் எஸ்க்யூஎல் மொழி தெரிந்திருப்பதாகவும் இருக்கலாம். அது சேர்ந்துவிட்டால் வேறு பல பட்டங்களைவிட இதற்குக் கதவுகள் அதிகம். அந்த ‘இன்னொன்று’ எது என்பதை ஐந்தாவது செமஸ்டருக்குள் முடிவு செய்துவிட வேண்டும். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: தகுதியைக் கோட்டை விடாதீர்கள்

முதல் இரண்டு வருடங்களில் எதிர்காலத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, 60 சதவீதம். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அதிகாரி தேர்வு, என்ஐடிகளில் எம்சிஏ சேர்வதற்கான நிம்செட், பி.காம் இல்லாமலேயே சிஏ இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேர்வது, எல்லாவற்றிலும் பொதுப் பிரிவினருக்கு இந்த எண்தான் குறுக்கே நிற்கிறது. 58 எடுத்துவிட்டு மூன்றாம் வருடத்தில் வருத்தப்படுவதைவிட, பார்ட் 1 தமிழிலும் பார்ட் 2 ஆங்கிலத்திலும் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிடுவது சுலபம். ஆனால் சில தேர்வுகள் மொத்தச் சதவீதத்தைக் கேட்கும், சில மேஜர் பாடத்தை மட்டும் பார்க்கும். அறிவிப்பில் அந்த ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாவது, அரியர். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பெரும்பாலும் ‘ஸ்டாண்டிங் அரியர் இருக்கிறதா’ என்று முதல் படிவத்திலேயே கேட்டுவிடும். ராமானுஜனே பச்சையப்பன் கல்லூரியில் எஃப்ஏ தேர்வில் தோற்றவர்தானே என்று வாதாடலாம். அவர் கையில் தேற்றங்கள் நிறைந்த அந்த நோட்டுப் புத்தகங்கள் இருந்தன.

மூன்றாவது, பலரும் கவனிக்காத அல்லைட் பாடம், அதாவது மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடம். இயற்பியலா, புள்ளியியலா என்று கல்லூரி கேட்கும்போது நண்பன் எடுத்ததையே எடுத்துவிடுகிறோம். மத்திய அரசின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் முதுகலை வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு பிஎஸ்சி படித்தவர்கள் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். ஆக முதலாம் ஆண்டில் அரை மனதோடு எடுத்த அல்லைட் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்துகிறது.

படி 2: உங்களுக்குப் பிடித்தது எந்த மேத்ஸ்?

‘எனக்கு மேத்ஸ் பிடிக்கும்’ என்பது போதாது. ப்ளஸ் டூவில் 100-க்கு 98 எடுத்த பலர் ரியல் அனாலிசிஸ் வகுப்பில் விழி பிதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். கணக்குப் போடுவது வேறு, நிறுவுவது வேறு.

ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். ஒன்று: ‘வரம்புக்குட்பட்ட (பவுண்டட்) ஒவ்வொரு தொடர்முறைக்கும் ஒருங்கும் உட்தொடர்முறை ஒன்று உண்டு’ என்ற தேற்றத்தைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நீங்களாக நிறுவப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை என்றால் ஆராய்ச்சிப் பக்கம் யோசிக்கலாம். இரண்டு: அரசு வெளியிடும் ஏதாவது ஒரு மழை அளவுத் தரவை எக்செலில் இறக்கி, எந்த மாதம் அதிகம் மாறுபடுகிறது என்று கண்டுபிடியுங்கள். மூன்று: பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, இரண்டு மைனஸ் எண்களைப் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று புரிய வையுங்கள். ‘அது ரூல்’ என்று சொல்லக் கூடாது. இந்த மூன்றில் எது அலுக்கவில்லையோ, அதுதான் உங்கள் பக்கம். மூன்றுமே அலுத்தால் அதுவும் நல்ல தகவல்தான். எந்தப் பட்டமும் போதும் என்கிற அரசுத் தேர்வுகள் இருக்கின்றன.

படி 3: கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*ஆராய்ச்சியும் உயர்படிப்பும்*

கணிதத்தில் மேலே படிக்க விரும்புகிறவருக்குச் சென்னையைவிட நல்ல ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் கணித உயர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தரமணியில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம். சிறுசேரியில் சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதக் கழகம், அதாவது சிஎம்ஐ. கிண்டியில் ஐஐடி. எல்லாமே பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். இங்கெல்லாம் நடக்கிற கருத்தரங்குகளில் வெளி மாணவர்கள் கேட்கக்கூடியவையும் இருக்கும். அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்து, ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். பாதி புரியாது, அதனால் ஒன்றும் இல்லை.

ஐஐடியில் எம்எஸ்சி சேர ஜாம் தேர்வு. 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் மூன்று பகுதிகள். முதல் பகுதியில் தவறான விடைக்கு நெகட்டிவ் மார்க் உண்டு. இரண்டாவதில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி கிடையாது. மூன்றாவதில் விடையை எண்ணாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பின்னிரண்டு பகுதிகளிலும் நெகட்டிவ் இல்லை. நம் செமஸ்டர் தேர்வுகளில் தேற்றத்தை மனப்பாடம் செய்து 10 மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் தடுமாறுவது இரண்டாவது பகுதியில்தான். அங்கே கேட்பது ‘இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் தேற்றம் நிற்குமா’ என்பது. அதனால் ஒவ்வொரு தேற்றத்துக்கும் ஒரு எதிர் உதாரணத்தை நோட்டில் எழுதி வையுங்கள். ஜாமுக்கு இதைவிட நல்ல தயாரிப்பு இல்லை.

சிஎம்ஐக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வு உண்டு. அங்கே கணிதம், கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் மூன்றிலும் எம்எஸ்சி இருக்கிறது. நிறுவல்களை எழுதிக் காட்டச் சொல்வார்கள், கோச்சிங் சென்டர் ஷார்ட்கட் அங்கே எடுபடாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பிஜி.

எம்எஸ்சிக்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட், அதாவது ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைத் தகுதி கிடைத்து முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, தனியாக வீட்டு வாடகைப் படி. ‘இருபத்தேழு வயசாகியும் படிச்சுக்கிட்டே இருக்கான்’ என்று வீட்டில் புலம்பும்போது இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் அடங்கும். ஆனால் ஒன்று: இந்த வழியில் வருமானம் நிலைப்பதற்குப் பல வருடங்கள் ஆகும். வீட்டில் உடனடியாகச் சம்பளம் தேவை என்றால், முதலில் வேலைக்குப் போய்விட்டு இரண்டு வருடம் கழித்து ஜாம் எழுதுவதிலும் தவறில்லை. அதற்கு வயது வரம்பு கிடையாது.

*ஆசிரியர் பணி*

இதில் அடுக்குகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பிஎஸ்சியும் இரண்டு வருட பி.எட்டும் முடித்தால் பட்டதாரி ஆசிரியர் தகுதி. அரசுப் பள்ளிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வின், அதாவது டெட்டின், இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்று, அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தனிப் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். டெட் பாஸ் ஆனாலே வேலை என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

டெட் இரண்டாம் தாள் 150 மதிப்பெண். அதில் கணிதமும் அறிவியலும் சேர்ந்தே 60தான். மீதி 90, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம். அந்த 60-லும் உயிரியல், வேதியியல் கேள்விகள் வரும். மேத்ஸ்காரர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து அறிவியல் புத்தகத்தைத் திரும்பப் புரட்டாமல் இதைத் தாண்ட முடியாது. எம்எஸ்சியும் பி.எட்டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அங்கே 150-க்கு 110 மதிப்பெண் பாடத்திலிருந்தே வருகிறது. உண்மையிலேயே கணிதம் தெரிந்தவருக்கு டெட்டைவிட இது சாதகமான தேர்வு.

பி.எட்டைச் சைதாப்பேட்டை அரசுக் கல்வியியல் நிறுவனத்திலோ, பெண்கள் என்றால் திருவல்லிக்கேணி லேடி வெலிங்டனிலோ படிக்க முடிந்தால் கட்டணம் குறைவு, பயிற்சியும் ஒழுங்காக நடக்கும். ‘வகுப்புக்கு வர வேண்டாம், சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் அது தலைவலியாகும்.

கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக எம்எஸ்சியில் 55 சதவீதமும் நெட் அல்லது மாநில அளவிலான செட்டும் வேண்டும், அல்லது முனைவர் பட்டம்.

பி.எட் இல்லாமலும் கற்பிக்கலாம். அண்ணா நகர், அடையாறு பக்கம் ஜேஇஇ கோச்சிங் மையங்களில் கணித ஆசிரியர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அவர்கள் பட்டத்தைவிட இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள்: ஜேஇஇ அட்வான்ஸ்ட் வினாத்தாளை நீங்கள் எழுதி வாங்கும் மதிப்பெண், ஒரு டெமோ வகுப்பு. நன்றாக எடுப்பவருக்குச் சம்பளம் பள்ளியைவிட மேலே போகும். ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்று இருக்காது, அவ்வளவுதான்.

*டேட்டா, ஐடி*

தரமணியில் ராமானுஜன் பெயரிலேயே ஒரு ஐடி வளாகம் இருக்கிறது. அந்த ஓஎம்ஆர் சாலை முழுக்க வங்கிகளின், காப்பீட்டு நிறுவனங்களின், பன்னாட்டுக் கம்பெனிகளின் தரவுப் பணிகள் நடக்கின்றன. மேத்ஸ் பட்டதாரிக்கு அங்கே முதலில் கிடைப்பது பெரும்பாலும் ‘ப்ராசஸ்’ வேலைதான்: க்ளெய்ம் சரிபார்ப்பது, ரிப்போர்ட் தயாரிப்பது, நைட் ஷிஃப்ட். அதில் சேர்வது தப்பில்லை. அதிலேயே மூன்று வருடம் தங்கிவிடுவதுதான் பிரச்சினை. உள்ளே போனதும் அனலிட்டிக்ஸ் பக்கம் நகர வழி பாருங்கள்.

அதற்கு வேண்டியது நீளமான பட்டியல் இல்லை. எக்செலில் பிவட் டேபிளும் லுக்அப்பும், எஸ்க்யூஎல், பைத்தான் மொழியில் தரவைக் கையாள உதவும் பாண்டாஸ், புள்ளியியலில் சராசரி தொடங்கி கருதுகோள் சோதனை வரை. இவற்றில் எஸ்க்யூஎல்லைத்தான் நேர்காணலில் துருவித் துருவிக் கேட்பார்கள். உதாரணமாக, ‘ஒவ்வொரு கிளையிலும் அதிகம் விற்ற மூன்று பொருட்களை எடு’. மொத்தத்தில் முதல் மூன்று எடுப்பது ஒரே வரி. கிளைவாரியாக எடுக்கச் சொல்லும்போது, தரவைக் கிளைப்படி பிரித்து ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வரிசை எண் போட்டு, அந்த எண் மூன்றுக்குள் இருப்பதை மட்டும் வடிகட்ட வேண்டும். இரண்டு பொருட்கள் ஒரே அளவு விற்றிருந்தால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்த கேள்வி. கணங்களையும் பிரிவினைகளையும் படித்த உங்களுக்கு இது புதிய சிந்தனையே இல்லை, எழுதும் முறைதான் புதிது.

‘100 சதவீதம் வேலை உத்தரவாதம்’ என்று போஸ்டர் ஒட்டி லட்சக்கணக்கில் கேட்கும் டேட்டா சயின்ஸ் கோர்ஸ்களில் சேர்வதற்கு முன், ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்கள். பிஎஸ்சி படித்துக்கொண்டே சேரலாம், தேர்வுகளை மட்டும் நேரில் போய் எழுத வேண்டும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பட்டம் வரை போகாமல் டிப்ளமோவோடு வெளியேறவும் வழி இருக்கிறது. சும்மா சேர்ந்து பாஸ் ஆகிவிட முடியாது, அதனால்தான் அதற்கு மதிப்பு.

சாஃப்ட்வேர் எழுதவே ஆசை என்றால் எம்சிஏ. இப்போது அது இரண்டே வருடம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு டான்செட், திருச்சி என்ஐடி போன்றவற்றுக்கு நிம்செட். நிம்செட்டில் 1000 மதிப்பெண்ணில் 600 கணிதத்துக்கே போகிறது. பிசிஏ படித்தவர்களோடு போட்டி போடும்போது இது உங்களுக்கு லட்டு.

*ஆக்சுவரி*

பெயர் தெரிந்தவர்கள் குறைவு, வேலை சுவாரஸ்யமானது. காப்பீட்டுக் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? 30 வயதுள்ள 10,000 பேர் ஆளுக்கு 10 லட்சத்துக்கு ஒரு வருட பாலிசி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வருடத்தில் 10 பேர் இறக்கலாம் என்று எதிர்பார்த்தால் தர வேண்டியது 1 கோடி. தலைக்கு 1,000 ரூபாய். இது அடிப்படை. இனி, 10-க்குப் பதில் 16 பேர் இறந்தால்? பாலிசி 30 வருடத்துக்கு என்றால் வட்டி விகிதம் எப்படி மாறும்? பாதியில் கட்டுவதை நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விகளுக்கு எண்ணோடு பதில் சொல்பவர்தான் ஆக்சுவரி.

நுழைவது ஏசெட் என்ற தேர்வு வழியாக. நடத்துவது இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம். அதன் பிறகு புள்ளியியல், நிதிக் கணிதம், பொருளாதாரம் என்று தாள் தாளாக எழுதி மேலே போக வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் கணிசம், தேர்ச்சி கடினம், முழுத் தகுதி பெற்ற ‘ஃபெல்லோ’ ஆக வருடக்கணக்கில் ஆகும். முதல் சில தாள்களை முடித்தாலே பயிற்சி நிலை வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது ஆறுதல். யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், சோழமண்டலம் எம்எஸ் போன்ற நிறுவனங்களுக்குத் தலைமையகமே சென்னைதான். ஆனாலும் நேரடி ஆக்சுவரி வேலைகள் மும்பையில் அதிகம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆக்சுவரியல் சயின்ஸில் எம்எஸ்சியும் இருக்கிறது.

*அரசு, வங்கித் தேர்வுகள்*

இங்கே ஒரு மாயையை உடைக்க வேண்டும். ‘நீ மேத்ஸ், உனக்கென்ன, பேங்க் எக்ஸாம் ஊதித் தள்ளிடுவே’ என்பார்கள். வங்கித் தேர்வில் கேட்பது பத்தாம் வகுப்புக் கணக்கு, ஆனால் அதை நிமிடத்துக்கு இரண்டு போட வேண்டும். வகைக்கெழு சமன்பாடு தீர்த்த கை, 37.5 சதவீதத்தை 3/8 என்று சட்டென்று மாற்றத் தடுமாறும். தினமும் முக்கால் மணி நேர வேகப் பயிற்சி இல்லாமல் மேத்ஸ் பட்டம் அங்கே உதவாது.

டிஎன்பிஎஸ்சியில் இன்னும் தெளிவு. குரூப் 1 முதல்நிலையானாலும் குரூப் 4 ஆனாலும் 200 கேள்விகளில் திறனறிவு 25தான். அந்த 25-ஐயும் அள்ளலாம், சரி. வெற்றியை முடிவு செய்வது மற்ற 175.

மேத்ஸ்காரருக்கு உண்மையிலேயே தனிச் சாதகம் உள்ளவை வேறு. மத்திய அரசு அலுவலகப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆஃபீசர் பணிக்கு ப்ளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் இருந்தாலே தகுதி. புள்ளியியலில் தனித் தாள் இருப்பதால் மற்ற சிஜிஎல் பணிகளைவிடக் கூட்டம் குறையும். விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ், அதாவது வானில் விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை, சம்பள விகிதம் 40,000-லிருந்து தொடங்குகிறது. பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 27. இந்த அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வரும்போது தயாராக இருக்க வேண்டும். தெளிவாக ஆங்கிலத்தில் பேச வரும் என்றால் இதை விடாதீர்கள்.

ராணுவத்தில் ஆர்வம் இருந்தால், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு எந்தப் பட்டமும் போதும். வேடிக்கை என்னவென்றால், ராணுவ அதிகாரிகளுக்கான சிடிஎஸ் தேர்வில் இந்த அகாடமிக்கு மட்டும் கணிதத் தாளே கிடையாது.

படி 4: ஒரு பிரதான வழி, ஒரு மாற்று வழி

நான்கு தேர்வுக்கு ஒரே நேரத்தில் படிப்பது எதற்குமே படிக்காததற்குச் சமம். இரண்டை எடுங்கள், ஆனால் பாடத்திட்டம் ஒன்றோடொன்று உரசுகிற இரண்டாக எடுங்கள். ஜாமும் க்யூட் பிஜியும் சேரும். ஏசெட்டும் டேட்டா வேலையும் சேரும், இரண்டுக்கும் அடித்தளம் புள்ளியியல். வங்கியும் எஸ்எஸ்சியும் சேரும். ஜாமும் குரூப் 2-வும் சேராது. காலையில் குலக் கோட்பாடு, மாலையில் சங்க இலக்கியம் என்று இழுத்தால் பிப்ரவரியில் இரண்டும் கைவிடும்.

படிக்க இடம் இல்லையென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வு வழி என்றால் கோச்சிங் மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் நான் முதல்வன் திட்டத்தின் இலவசப் பயிற்சிகளைப் பாருங்கள்.

படி 5: மூன்றாம் வருட நாட்காட்டி

ஜூன், ஜூலையில் பிரதான வழியை முடிவு செய்யுங்கள். ஆகஸ்டிலிருந்து கேம்பஸ் நேர்காணல்கள் தொடங்கிவிடும், உயர்படிப்புதான் என்றாலும் ஒன்றிரண்டில் உட்காருங்கள், பயம் தெளியும். ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் வரும், தேர்வு பிப்ரவரியில். கோடையில் வரிசையாக க்யூட் பிஜி, டான்செட், சிஎம்ஐ, நிம்செட். ஏப்ரல் செமஸ்டர் தேர்வும் இதற்கு நடுவேதான் வந்து நிற்கும். தேதிகள் வருடத்துக்கு வருடம் நகரும் என்பதால் அதிகாரப்பூர்வ அறிவிப்பையே பாருங்கள், வாட்ஸ்அப் ஃபார்வர்டை வேண்டாம்.

படி 6: சான்றிதழ்கள்

நன்றாகப் படித்தவர்களும் கோட்டை விடுவது இங்கேதான். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநிலத் தேர்வுகளுக்குச் செல்லும். ஜாம், எஸ்எஸ்சி, வங்கி போன்ற மத்தியத் தேர்வுகளுக்கு ஓபிசி நான் கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக, மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். அதுவும் எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது என்று அறிவிப்பில் குறிப்பிட்டிருப்பார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கைக்கு வர நாளாகலாம், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றிதழைப் பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் இப்போதே வாங்கி வையுங்கள். டிஎன்பிஎஸ்சியில் அதற்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. படித்த ஆரம்பப் பள்ளி மூடப்பட்டிருந்தால் யாரிடம் வாங்குவது என்று அலைய வேண்டிவரும்.

அப்புறம் இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திக் எஸ்’ என்றும், ஆதாரில் ‘கார்த்திக் செல்வம்’ என்றும் இருந்தால், வட இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பப் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ கட்டத்தில் என்ன போடுவது என்று குழம்புவீர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே எல்லா இடத்திலும் அப்படியே போடுங்கள். ஆதாரை அதற்கேற்ப மாற்ற வேண்டுமென்றால் நான்காவது செமஸ்டர் விடுமுறையில் முடித்துவிடுங்கள்.